மஞ்சள் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரி. பெயர் வேண்டாம், மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

முதல் வருடம் சேர்க்கும்போது கட்டணத்தைக் கட்டி, கம்ப்யூட்டர் ரசீதை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். “அண்ணாச்சி, இன்னொண்ணு இருக்கு” என்று பக்கத்து மேசையைக் காட்டினார் கிளார்க். மாணவர் நலக் கட்டணம் 6,000 ரூபாய், ரொக்கமாக மட்டும். கவுன்சலிங், ஜிம், கலைவிழா என்று அடுக்கினார். வேண்டாதவர்கள் விட்டுவிடலாமா என்று கேட்டேன். “எல்லாருக்கும் உள்ளதுதான். கட்டலைன்னா ஹால் டிக்கெட் வராது.”

கைக்கு வந்தது ஒரு மஞ்சள் சீட்டு. எண் இல்லை, முத்திரை இல்லை. மகள் பெயர், தொகை, ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். முக்கூடலில் என் வீட்டுக்காரி பீடி சுற்றிச் சேர்த்த காசு. இரண்டாம் வருடமும் வாயைத் திறக்காமல் கட்டினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் செமஸ்டர் தேர்வு நெருங்கியபோது மகளுக்குத் தூக்கமே இல்லை. நெஞ்சு படபடக்கிறது, படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை என்று அழுதாள். “கவுன்சலிங் இருக்குன்னாங்கள்லா, போய்ப் பாரு தாயி” என்று நான்தான் அனுப்பினேன். அறை பூட்டியிருந்தது. மறுநாளும் அப்படியே. வாட்ச்மேனைக் கெஞ்சித் திறக்கச் சொன்னால், உள்ளே கிழிந்த வாலிபால் நெட், உடைந்த நாற்காலிகள், போன வருடக் கலைவிழா பேனர். கதவில் பெயர் போட்டிருந்த கவுன்சலர் அம்மா வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஜிம் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் பையன்களுக்கு மட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே 6,000தான்.

அன்று ராத்திரி 14416-க்கு அடித்தோம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் ஐகிரவுண்ட் அரசு பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினோம். இப்போது தூங்குகிறாள். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு பஸ் காசு.

அதற்குப் பிறகுதான் சேர்க்கைக் கையேட்டை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். அந்த 6,000 எங்குமே இல்லை. கையேட்டில் அறிவித்ததைவிட அதிகம் கேட்பது புகாருக்குரியது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மகள் பெயரில் மனு எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். அந்த ஒரு கையெழுத்துக்கே அரை நாள் போனது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கையேட்டில் இல்லாத கட்டணத்துக்குக் கல்லூரி ரசீதில் எதற்கான பணம் என்று தலைப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கவுன்சலிங் அறை என்றால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மனுக் கொடுத்த பதினோராம் நாள் கூப்பிட்டு, காபி எல்லாம் கொடுத்தார்கள். சீட்டைக் காட்டினால் அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களாம்; சீட்டு இல்லாத பணத்துக்குப் பேச்சே கிடையாது. இரண்டாம் வருடச் சீட்டு என் பர்ஸில் இருந்தது, கழிந்தது. முதல் வருடச் சீட்டை மகள் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்து, அந்தப் புத்தகத்தை ஜூனியர் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.