ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்: செம்பனை எடைச் செயலியில் எப்படி இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மாமா சிறுதோட்டக்காரர்களிடம், பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழம் வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். குலைகளை எடை போட்டு, கழிவு பிடித்து, சிட்டை கொடுக்க பிரவுசரில் ஓடும் செயலி ஒன்றை எழுதிப் பராமரிப்பது என் வேலை. ஒரு வசதியைத் தேவைப்படும்போது திறக்கவும் மூடவும் உதவும் சுவிட்சுகளான ஃபீச்சர் ஃப்ளாக்குகளுக்கு அதில் கூகிளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்கைத்தான் வைத்திருக்கிறேன்; செயலியின் அமைப்பு மதிப்புகளைத் தூரத்திலிருந்தே மாற்றும் சேவை அது. இலவசம் என்பது முதல் காரணம்.

பழுக்காத குலைக்குக் கழிவு போடும் புதிய திரையை இதை நம்பித்தான் இறக்கினேன். திரையின் நிரல் குறியீடு முன்பே எல்லார் கைப்பேசிக்கும் போய்விட்டது, திரை மட்டும் மூடியிருந்தது. யாருக்குத் திறக்க வேண்டும் என்ற பட்டியலை ஒரு மதிப்பாக வைத்து, முதலில் எடை எழுதும் கிராணிக்கு (எழுத்தருக்கு) மட்டும் திறந்தேன். "ஏம்மா, இந்தக் கட்டம் இவ்வளவு சின்னதா இருந்தா என் விரலுக்கு எப்படிம்மா?" என்றார். ஃபயர்பேஸின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் ஃப்ளாக்கை அணைத்து, கட்டத்தைப் பெரிதாக்கி, அப்புறம்தான் லாரி ஓட்டுநர்களுக்குத் திறந்தேன். எடை போடும் வேலை ஒரு நேரமும் நிற்கவில்லை. இந்த நிம்மதிக்காகவே இதை மனதாரப் பரிந்துரைப்பேன்.

ஆனால் அமைப்புகளை அப்படியே விட்டால் தோட்டப்புறத்துக்குச் சரிவராது. மதிப்புகளைச் சேவையிலிருந்து எடுத்துவரக் காத்திருக்கும் நேரம் இயல்பாக அதிகபட்சம் 60 விநாடி. தோட்டத்துக்குள் இணைய லைன் விட்டு விட்டுத்தான் வரும். புது மதிப்பு வந்தபிறகுதான் திரை என்று எழுதினால், லாரியை நிறுத்திவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் எல்லா ஃப்ளாக்குக்கும் இயல்பு மதிப்பைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். திறந்ததும் போன முறை எடுத்துவைத்ததைச் செயல்படுத்தி, புதியதைப் பின்னணியில் எடுத்து அடுத்த முறைக்கு வைக்கிறது. எடை பதியும்போது நடுவில் திரை மாறாது. எனக்கு அதுதான் முக்கியம்.

எடுத்த மதிப்பு இயல்பாக 12 மணி நேரம் பிரவுசரிலேயே தங்கும். இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் அடிக்கடி கேட்டால் சேவை தடுத்துவிடும். செம்பனை விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே டன் விலையை இதில் வைக்காதீர்கள், தரவுத்தளத்திலிருந்து நேரே எடுங்கள். கழிவு விதி, அறிவிப்பு வரி, திரை திறப்பு போன்ற மெதுவாக மாறும் சங்கதிகளுக்கு இது அருமை.

பயனர்களில் இத்தனை சதவீதத்துக்கு மட்டும் என்று திறக்கும் வசதியில் பிரவுசர்தான் கணக்கு, ஆள் இல்லை. ஒரே ஆளுக்குக் கைப்பேசியில் புதிய திரையும் கணினியில் பழைய திரையும் வரலாம். ஆட்கள் குறைவான இடத்தில் பெயர்ப்பட்டியலே மேல்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஃப்ளாக்கால் மறைத்த திரையின் குறியீடு பிரவுசரில் இருக்கவே செய்கிறது. ஃப்ளாக்கின் மதிப்பையும் யாரும் பார்க்கலாம். சிட்டையைத் திருத்தும் அதிகாரத்தைச் சர்வர் விதிகளில் பூட்டுங்கள். ரகசியச் சாவிகளை இதில் வைக்கவே கூடாது.

தரவு வெளியே போகக்கூடாது என்பவர்கள் அன்லீஷ் என்ற ஃபீச்சர் ஃப்ளாக் மென்பொருளைப் பாருங்கள். திறந்த மூலம், சொந்தச் சர்வரில் ஓட்டலாம். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை, அதனால் நான் இதிலேயே இருக்கிறேன்.