புது ஆம்ப்பா, இடமாற்றமா? 10-க்கு 12 ஹாலில் எதை முதலில் செய்யலாம்

10-க்கு 12 அடி ஹால், 10 அடி உயரத்தில் கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம் இப்படி வீடுகள் ஏராளம். அங்கே சவுண்டு சரியில்லை என்றால் வாட்ஸ் கூடின ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு லேசான வித்தியாசம்தான்.

எங்கே கோளாறு என்று ஒரு வில்லுப்பாட்டுப் பதிவே சொல்லிவிடும். குடத்தின் அடி 'தும்' என்று விழுந்து நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால், ஸ்பீக்கரும் நீங்களும் இருக்கும் இடம் சரியில்லை. வில்லில் தொங்கும் மணிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாக வந்தால், பக்கச் சுவரின் எதிரொலி.

பேஸ் இழுக்கக் காரணம் அறையின் அளவு. 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸில் அதிரும். உயரமும் 10 அடி என்பதால் அதுவும் அதே 56 ஹெர்ட்ஸில் அதிர்ந்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். ஆம்ப்பை மாற்றினால் அந்த அதிர்வும் சேர்ந்துதான் பெருகும்.

ஆகவே இடமாற்றத்துக்கே என் ஓட்டு. லாஃப்டிலோ மூலையிலோ இருக்கும் ஸ்பீக்கரை இறக்குங்கள். 10 அடிச் சுவரிலிருந்து 2 அடி முன்னே, இரண்டுக்கும் நடுவே 6 அடி விட்டு வையுங்கள். பின்சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள், பேஸ் அங்கேதான் குவியும். நாலரை அடி முன்னே வாருங்கள். ட்வீட்டர், அதாவது பெட்டியில் ட்ரெபிளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், காது மட்டத்தில் இருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்தால் காது ஏறக்குறைய இரண்டரை அடியில் வரும். ஓரடி உயர ஸ்பீக்கருக்கு 20 அங்குல ஸ்டாண்டு போதும்: 16 அங்குல சாலிட் பிளாக் ஒன்றை நிமிர்த்தி, மேலே 4 அங்குல பிளாக்கைப் படுக்கவைத்து, இடையில் சைக்கிள் டியூப் துண்டு கொடுங்கள். நாற்காலி என்றால் இன்னும் ஓரடி ஏற்ற வேண்டும்.

அடுத்தது எதிரொலி. பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திப் பாருங்கள். இருக்கையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் 4 அங்குலப் பஞ்சு மெத்தையைச் சாய்த்தால் மணிகள் பிரிந்து கேட்கும். பத்தமடைப் பாயும் முட்டை அட்டையும் மெல்லிசு, ட்ரெபிளைக் கொஞ்சம் தணிப்பதோடு சரி. 56 ஹெர்ட்ஸை மெத்தையாலும் பிடிக்க முடியாது. அந்த ஒலி அலையின் நீளத்தில் கால்பாகமே ஒன்றரை மீட்டர், 4 அங்குல மெத்தை அதற்கு எம்மாத்திரம்.

விலை கூடின ஒயர் வீண். 1.5 எம்எம் செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 0.12 ஓம்தான் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. முனை பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவுங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு கறுப்பு மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காது.

ஆம்ப்பை மாற்ற வேண்டிய இடமும் உண்டு. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு) 84 டெசிபல் அளவில் குறைவாக இருந்து, சத்தம் ஏறும்போது தவில் அடி பிசிறினால் பழைய ஆம்ப்புக்குத் திராணி போதவில்லை. அப்போது வாங்குங்கள்.