வெண்டையா, பூவரசா? ஒரே வெயிலுக்கு இரண்டு பங்காளிகள்

வீட்டை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. அதில் காய்கறி போடுவதா, நிழலுக்கு ஒரு மரம் வைப்பதா? இதைக் கேட்பவர் பெரும்பாலும் பதிலை மனதில் முடிவு செய்துகொண்டுதான் கேட்பார். காய்கறி என்பவருக்கு அவசரம். மரம் என்பவருக்குப் பிற்பகல் வெக்கை பொறுக்கவில்லை. பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்தப் பேச்சு முடியவே முடியாது. அதனால் காய்கறிப் பக்கம் வெண்டையையும் மரத்தின் பக்கம் பூவரசையும் நிறுத்திப் பார்க்கிறேன்.

இந்த இரண்டையும் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இவை பங்காளிகள். பருத்தியும் செம்பருத்தியும் இருக்கிற அதே குடும்பம். சந்தேகம் இருந்தால் காலையில் பூத்த வெண்டைப்பூ ஒன்றையும் பூவரசம்பூ ஒன்றையும் பறித்து உள்ளங்கையில் அடுத்தடுத்து வையுங்கள். இரண்டிலும் ஐந்து வெளிர்மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்புத் திட்டு, நடுவில் மகரந்தம் அப்பிய சின்னத் தூண். காம்போடு இலை இல்லாவிட்டால் எது எதுவென்று சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். இலை காட்டிக்கொடுத்துவிடும்: வெண்டைக்கு விரல் விரித்த கை மாதிரி, பூவரசுக்கு அரசிலை ஜாடை. வெண்டைப்பூ அன்று மாலையே சுருங்கிவிடும். பூவரசம்பூ வாடும்போது மஞ்சளை விட்டு ஊதா கலந்த சிவப்புக்கு மாறி உதிரும்.

பங்காளிகள் என்றால் பாகப்பிரிவினையும் உண்டு. இவர்கள் அடித்துக்கொள்வது மண்ணைவிட வெயிலுக்குத்தான். வெண்டைக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பூவரசு வைப்பதே அந்த வெயிலை மறைக்கத்தான்.

முதலில் வெண்டை. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சுமார் 2 செ.மீ. ஆழத்தில், செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விட்டு நேராக மண்ணிலேயே ஊன்ற வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஆகாது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, வேரைச் சீண்டினால் முகம் சுளித்துக்கொள்ளும். மண் சூடாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், குளிர்ந்த மண்ணில் விதை அழுகிப்போவதே அதிகம். ஏறக்குறைய 45 நாளில் பூ. பூத்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

இங்கேதான் வெண்டையின் குணம் தெரியும். இலைக் கணுவுக்கு ஒரு பூவாகக் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். விரல் நீளத்தில் இருக்கும்போது நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடியும். நாலு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் அதே காய் கம்பாக நிற்கும், நுனி வளையுமே தவிர ஒடியாது. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால், 'விதை வந்துவிட்டது, வேலை முடிந்தது' என்று செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆக, சோம்பேறிக்கு இரட்டை நஷ்டம். பறிக்கும்போது இலையிலும் காயிலும் உள்ள நுண்முடி கையை அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, நான் போட்டதில்லை, சொறிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

மூன்று நான்கு மாதத்தில் ஆட்டம் ஓய்ந்துவிடும். ஓரடி உயரம் விட்டு வெட்டி, உரம் வைத்துத் தண்ணீர் காட்டினால் சில செடிகள் மறுபடி துளிர்க்கும், ஆனால் முதல் சுற்றின் வீரியத்தை எதிர்பார்க்கக் கூடாது. நாலைந்து செடி மட்டும் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே நாளில் பறிக்க நாலு காய்தான் கிடைக்கும். பறித்ததை நாலு நாள் சேர்த்துவைத்தால் முதல் நாள் காய் வாடிவிடும். வெண்டை போடுவதென்றால் பத்துச் செடியாவது போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறேதாவது கீரை விதையுங்கள்.

பூவரசின் கணக்கே வேறு. விதையிலும் வரும், போத்திலும் வரும். மணிக்கட்டுத் தடிமனில் ஆளுயரக் கிளையை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். போத்து நட்டால் ஒன்றிரண்டு வருடம் மிச்சம். ஆனால் விதையில் வந்த மரத்துக்கு இருக்கிற ஆணிவேர் போத்துக்கு இருக்காது, பக்கவேர்கள்தான். காற்று அறைகிற திறந்தவெளி என்றால் விதைக்கன்றையே நான் வைப்பேன். இளமையில் வருடத்துக்கு அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை ஏறும். நாலைந்து வருடத்தில் அடியில் நாற்காலி போட்டு உட்காரலாம். நன்றாக வளர்ந்தால் 6 முதல் 10 மீட்டர் உயரம் போகும். இலை முழுக்க உதிர்ந்து மொட்டையாக நிற்கிற மரம் அல்ல, அதனால் வருடம் முழுக்க நிழல், வருடம் முழுக்கப் பெருக்குகிற வேலையும். உப்புக் காற்று, உவர் மண் எல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை. கடலோரத்தில் பிறந்த மரம், இதன் விதை கடல்நீரில் மிதந்தே ஊர் ஊராகப் பரவுவது. வெண்டை உப்பைப் பார்த்தால் சுருண்டுவிடும்.

குளிரில் மட்டும் மரத்துக்குத் தோல்வி. உறைபனி விழும் இடங்களில்கூடக் கோடைக்காலம் மட்டும் வெண்டை போட்டு எடுத்துவிடலாம். பூவரசு அங்கே தாங்காது.

தண்ணீர், கைவேலை என்று பார்த்தால் வெண்டைக்கு அது இருக்கும்வரை நம் கவனம் வேண்டும். பூவரசுக்கு முதல் இரண்டு வருடம் பார்த்தால் போதும், அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும்.

நிழலுக்கு வருகிறேன், சண்டையின் மூலமே அதுதான். வெயில் படுகிற சுவர், கல்தளம் இவற்றின் உச்ச வெப்பத்தோடு ஒப்பிட்டால் மர நிழலில் இருக்கிற அதே பரப்பு 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கும். இலைகள் ஆவியாக விடுகிற நீரால் காற்றும் கொஞ்சம் தணியும். வெண்டைப் பாத்தி எவ்வளவு செழித்தாலும் சுவருக்கு இதைச் செய்யாது. ஆனால் இந்த லாபம் முழுதாகக் கிடைக்க மரம் வீட்டின் மேற்கே நிற்க வேண்டும். பிற்பகலில் தாழ்ந்து சாய்ந்து வருகிற வெயில்தான் சுவரைச் சுட்டு இரவுவரை வைத்திருக்கிறது. சுவரிலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளி வையுங்கள், கசிகிற குழாய் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அதே நிழல் பாத்திக்கு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 6 மீட்டர் மரம், சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் 6 மீட்டர் நீளும். சூரியன் 30 டிகிரிக்கு இறங்கும்போது 10 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது மரத்தின் அகலத்தைப் பார்த்து 'இங்கேதானே நிழல்' என்று நினைத்துப் பாத்தி போட்டால், காலையோ மாலையோ இரண்டு மூன்று மணி நேர வெயில் காணாமல் போயிருக்கும். வெண்டைச் செடி அதை உடனே சொல்லும்: கணுவுக்குக் கணு இடைவெளி கூடி நெடுநெடுவென்று ஒல்லியாக வளரும், இலை மட்டும் பெரிதாகும், பூ குறையும். பார்க்கிறவர் 'செழிப்பா இருக்கே' என்பார்.

இன்னொரு சங்கதியைக் கவனித்திருக்கிறேன். பங்காளிகள் என்பதால் எதிரியும் பொது. பூவரசின் உருண்டைக் காய்கள் உதிர்ந்து கிடக்கிற இடத்தில் சிவப்பும் கறுப்புமாக, வாலோடு வால் ஒட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக அலைகிற பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பருத்தி விவசாயிகளுக்குத் தலைவலியான சிவப்பு நாவாய்ப்பூச்சிதான் அது. விதையை உறிஞ்சுவதே அதன் தொழில். பூவரசு விதை தீர்ந்ததும் பக்கத்தில் முற்றி நிற்கிற வெண்டைக்காய்க்கு வந்துவிடும். இளசாகவே பறித்துவிடுபவருக்குப் பெரிய பாதிப்பில்லை. விதைக்கென்று காயை முற்றவிடுபவருக்குத்தான் பதர் விதை மிஞ்சும். உதிர்ந்த பூவரசிலை வெண்டைப் பாத்திக்கு அருமையான மூடாக்கு, ஆனால் அள்ளும்போது காய்களைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் போடுங்கள். வெண்டையின் பெரிய எதிரி வேறு: வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் நரம்புத் தேமல். நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை பின்னினாற்போல் இலை தெரிந்தால் அந்தச் செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

சரி, எதை வைப்பது? வாடகை வீடு, மொட்டை மாடி, இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெண்டை. ஓரடி ஆழமுள்ள பையோ தொட்டியோ போதும், தவறாகப் போனாலும் நாலு மாதத்தோடு போயிற்று. மரத்தைத் தவறான இடத்தில் வைத்தால் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது வெட்ட மனசும் வராது.

சொந்த இடம், மேற்கே வெயில் கொளுத்துகிறது என்றால் என் ஓட்டு பூவரசுக்கு. வெண்டையை எந்த வருடமும் போடலாம், மரத்துக்குத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் நிழலில் ஒரு வருடம் குறையும். அதற்காக வெண்டையைக் கைவிட வேண்டியதில்லை. கன்று ஆளுயரம் தாண்டி விரியும்வரை இரண்டு மூன்று வருடம் சுற்றியுள்ள வெயில் சும்மாதான் கிடக்கிறது. கன்றிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பாத்தி போட்டால், வெண்டைக்கு விடுகிற தண்ணீரில் கன்றும் பிழைத்துக்கொள்ளும். நிழல் பாத்தியைத் தொடத் தொடங்கியதும் பாத்தியைத் திறந்த பக்கமாக நகர்த்துங்கள், மரத்தின் கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். வெட்டிய கிளையை, காற்றில் சாய்கிற வெண்டைக்கு முட்டுக்கொம்பாக ஊன்றலாம். ஆனால் நன்றாகக் காயவைத்த பிறகு ஊன்றுங்கள். பச்சையாக ஊன்றினால் பாத்திக்கு நடுவே இன்னொரு பூவரசு துளிர்த்துவிடும்.