மேல் இமையா, கீழ் இமையா: அறுவை எத்தனை வருஷம் தாங்கும்?

தொங்கும் இமைத் தோலையும் கண்ணுக்குக் கீழே உப்பும் பையையும் சரிசெய்யும் அறுவையில், மேல் இமையில் செய்தது பொதுவாக 5 முதல் 10 வருஷம் நிற்கும். கீழ் இமைப் பை எடுத்தது அதைவிட நீடிக்கும். பலருக்கு இரண்டாம் தடவை தேவையே படாது. கீழே எடுப்பது பெரும்பாலும் கொழுப்பு, அது லேசில் திரும்பி வராது. மேலே எடுப்பது தோல். மிச்சத் தோல் தளர்ந்துகொண்டே போகும், கூடவே புருவமும் இறங்கும்.

இந்தப் புருவத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று புருவத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தொங்கல் மறைந்தால் கோளாறு புருவத்தில். இமையை மட்டும் வெட்டினால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். அதற்காக ‘இன்னும் கொஞ்சம் வெட்டுங்க டாக்டர்’ என்று கேட்காதீர்கள். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் நடுவே சுமார் 20 மி.மீ. தோல் மிஞ்சாவிட்டால் கண் முழுசாக மூடாது, வறண்டுபோகும்.

கீழ் இமையில் ஆபத்து வேறு. தளர்ந்த இமையில் தோலைக் கூடுதலாக எடுத்தால் இமை வெளியே புரண்டு நீர் வடியும். இமையைக் கீழே இழுத்து விட்டால், கண் சிமிட்டாமலே சட்டென ஒட்டவேண்டும். தாமதித்தால் வெளி ஓரத்தை இறுக்கும் தையலும் வேண்டியிருக்கும். உள்பக்கமாகக் கொழுப்பு எடுத்தால் வெளியே தழும்பில்லை, ஆனால் சுருக்கம் போகாது.

சென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன் வேலையில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு மேல் இமைப் பலன்தான் முதலில் குறையும். கறுப்புக் கண்ணாடி, தொப்பி இரண்டும் கட்டாயம். பீடி, சிகரெட் வேண்டாம். தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். காயம் ஆறும்வரை மீன் தண்ணீர் பட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது.