நப்பின்னைக்கு 81 சதவீதம்: ஒரு பெயர்ச் செயலியைப் பயன்படுத்திப் பார்த்ததில்

தம்பி மகளுக்குப் பெயர் தேடுவதற்காகக் குழந்தைப் பெயர்ச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். எந்தச் செயலி என்று சொல்லப்போவதில்லை. இந்த வகையில் நான் திறந்து பார்த்தவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைத்தான் நிறம் மாற்றிக் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. இலவசத்தில் ஒரு பகுதி, 199 ரூபாய் கட்டினால் ஒரு பெயரின் பிறப்பிடம், பொருள், பிரபலம் எல்லாம் அடங்கிய ‘முழு அறிக்கை’. கட்டினேன். அத்தை முறைக்கு, குழந்தை காதில் மூன்று முறை பெயரைச் சொல்லப்போவது நான்தானே. சொல்கிற பெயர் என்னவென்று தெரிந்து சொல்லலாம் என்ற ஆசை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர வடிகட்டி சரியாக வேலை செய்கிறது. குழந்தை அனுஷம். ந, நி, நு, நே என்று நான்கு எழுத்தும் பிசகாமல் வந்தன. பாதத்தைக் கொடுத்தால் அந்த எழுத்துக்கு மட்டும் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கிறது. இன்னொரு வசதி உண்மையிலேயே எனக்குப் பிடித்தது: அப்பா, அம்மா இருவரும் தங்கள் தங்கள் போனில் பிடித்த பெயருக்கு இதயம் போடலாம், இருவரும் போட்ட பெயர்கள் மட்டும் தனியாக வந்து நிற்கும். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நடந்த பாதிச் சண்டை இதனால் மிச்சம்.

பட்டியலின் தரம் வேறு கதை. பெண் பெயர் என்று தேர்ந்தெடுத்த பிறகும் நடுவில் நகுலன் வந்து நிற்கிறான். மற்றபடி ஷ்கா, ஷ்மி, ஸ்ரீ என்று முடிகிற பெயர்கள் பக்கம் பக்கமாக. ஒன்றுக்கொன்று ஓர் எழுத்துதான் வித்தியாசம்; பொருள் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘தெய்வீக ஒளி’. நக்ஷத்ரா, நேத்ரா போன்ற நல்ல பெயர்களும் உண்டு. ஆனால் அவற்றுக்குச் செயலி எதற்கு? தெருவில் நின்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு மனதில் இருந்த பெயர் நப்பின்னை; கண்ணனின் துணைவி பெயர். அதைத் தேடல் பெட்டியில் போட்டேன். செயலியின் சாயம் அங்கேதான் வெளுத்தது.

அறிக்கை இப்படி வந்தது. பிறப்பிடம்: சமஸ்கிருதம். பொருள்: அழகு, அறிவு. வகை: நவீனமான பெயர். பிரபலம்: 81 சதவீதம். அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்ட நிறம், அதிர்ஷ்டக் கிழமை தனி. கூடவே ஒரு யோசனையும்: ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இன்னொரு ‘ஐ’ சேர்த்தால் எண் கூட்டுத்தொகை இன்னும் நன்றாக இருக்குமாம். ஏற்கெனவே இரண்டு ‘பி’, இரண்டு ‘என்’ என ஒன்பது எழுத்து. பத்தாவதை எந்தப் படிவத்தின் கட்டத்தில் எழுதுவது?

‘நவீனமான பெயர்’ என்பதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை, அதாவது இடையர் பெண்கள் கைகோத்து ஆடுகிற ஆட்டம் வருகிறதே, அதிலேயே இவள் பின்னை என்ற பெயரில் இருக்கிறாள். மதுரை இடைச்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பயந்த இடைச்சி மாதரி, மகள் ஐயையிடம் சொல்கிறாள்: மாயவனும் (கண்ணன்தான்) அவன் அண்ணனும் பின்னையோடு ஆடிய குரவையை நாமும் ஆடுவோம். ஏழு பெண்களுக்கு ஏழு சுரத்தின் பெயர் வைத்து நிறுத்துகிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் பின்னை. கண்ணனோடு ஆடுபவள் என்றால் இந்தக் கதையில் பின்னைதான், ராதை இல்லை.

பெயரின் அமைப்பும் தமிழ்தான். பின்னைக்கு முன்னால் இருக்கிற ‘ந’ சிறப்புக்காகச் சேர்ப்பது. சங்கப் புலவர்கள் நக்கீரர், நச்செள்ளையார், நப்பசலையார் எல்லோருக்கும் ஒட்டியிருக்கிற அதே ‘ந’. வடமொழி மரபில் இவளை நீளாதேவி என்பார்கள். அது வேறு பெயர், அதைக் கொண்டு இதைச் சமஸ்கிருதமாக்க முடியாது. ஏழு எருதுகளை அடக்கிக் கண்ணன் இவளை மணந்தான் என்பதை ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது திருப்பாவையால். முப்பது பாசுரத்தில் 18, 19, 20 மூன்றிலும் நப்பின்னை வருகிறாள். ‘உந்து மதகளிற்றன்’ பாசுரத்தில் ஆண்டாள் அவளை எழுப்புகிற அழகைப் பாருங்கள்: நந்தகோபன் மருமகளே, பந்தார் விரலி, வந்து கதவைத் திற, வளையல் குலுங்கத் திற என்கிறாள். கையில் பந்தோடு தூங்கிப்போனவள். எந்தத் தெய்வத்தையும் இவ்வளவு வீட்டுப் பெண்ணாக நான் படித்ததில்லை. ராமானுஜர் இந்தப் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டே தன் குரு பெரிய நம்பி வீட்டு வாசலுக்குப் பிச்சைக்கு வந்தபோது, நம்பியின் மகள் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மூர்ச்சையாகி விழுந்தார் என்று வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரையில் ஒரு கதை. அந்தப் பெண்ணின் பெயர் அத்துழாய். அதுவும் எவ்வளவு நல்ல பெயர்! செயலியில் தேடினேன்; ‘அதுல்யா என்று தேட நினைத்தீர்களா?’ என்று கேட்டது.

சரி, அந்த 81 சதவீதத்துக்கு வருவோம். எதில் 81? செயலியில் இதயம் போட்டவர்களிலா, பிறந்த குழந்தைகளிலா? எங்கும் விளக்கம் இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிடுகிறது; ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்திருந்தால்தான் அந்தப் பெயர் தேசியப் பட்டியலில் வரும். அந்த மாதிரி அதிகாரபூர்வமான ஆண்டுப் பட்டியல் நம் நாட்டில் வெளிவருவதில்லை. ஆகவே தமிழ்ப் பெயருக்குச் சதவீதத்தில் பிரபலம் சொல்கிற எந்தச் செயலியும் தானாகச் சமைத்த எண்ணைத்தான் சொல்கிறது. நான் படித்த வகுப்பிலும் சரி, வேலை பார்த்த இடங்களிலும் சரி, நப்பின்னை என்று ஒருத்தியைக் கண்டதில்லை.

அதுதான் எனக்குப் புதிர். மார்கழியில் மூன்று நாள் கோயில் ஒலிபெருக்கியெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரை எழுப்புகிறது. ஆண்டாள், கோதை என்று பெயர் வைக்கிறோம். இவளை மட்டும் ஏன் விட்டோம்? என் ஊகம் இது: பக்தியில் பெயர் தேடுகிறவர்களுக்கு வைஷ்ணவி மாதிரி வடமொழி வாசம் வேண்டியிருக்கிறது. தனித்தமிழில் தேடியவர்கள் கயல்விழி, தமிழ்ச்செல்வி என்று போய்விட்டார்கள். அவர்களுக்கு இது கோயில் பெயர். இரண்டு பக்கமும் உரிமை உள்ளவள், இரண்டு பக்கமும் கூப்பிடவில்லை. கடைசியில் என் தம்பி சொன்ன காரணமும் இருக்கிறது: “அக்கா, பள்ளிக்கூடத்தில் நாப்பி நாப்பி என்று ஓட்டுவார்களே!” இதற்கு எந்த உரையாசிரியரும் பதில் எழுதி வைக்கவில்லை. வீட்டில் பின்னை என்றே கூப்பிடலாம் என்றேன். அவன் மனைவி, “அண்ணி, பின்னை நல்லாத்தான் இருக்கு” என்று இதயம் போட்டுவிட்டாள். அவன் இன்னும் போடவில்லை.

பொருளும் பிறப்பிடமும் தெரிய வேண்டுமென்றால் காசே தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அகராதியான தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பக்கம் பார்க்கப் பழைய காலத்தது, போனில் படிக்கக் கண் வலிக்கும், விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால் ஒரு சொல் எந்த நூலில் வருகிறது என்பதைக் காட்டும். அதிர்ஷ்ட நிறம் சொல்லாது, அவ்வளவுதான் குறை. பக்கத்தில் உரையோடு ஒரு திருப்பாவைப் புத்தகம் வைத்துக்கொண்டால் போதும்.

செயலிக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். இரண்டுமே அந்த இதய வசதிக்கும் நட்சத்திர வடிகட்டிக்கும்தான், இரண்டும் இலவசப் பகுதியிலேயே இருக்கின்றன. 199 ரூபாய் கட்டாதீர்கள். ‘இன்றே முடிவு செய்யுங்கள், சலுகை முடிகிறது’ என்று அது தினமும் ராத்திரி அனுப்புகிற அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். பிறப்பைப் பதிந்துவிட்டால் பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். முதல் 12 மாதத்துக்குக் கட்டணமும் கிடையாது. தம்பிக்கு அதுவரை நேரம் இருக்கிறது.