ஜாக்கெட் நல்லது, ஜிப்தான் பகை

நான் சில குளிர்காலங்களாக அணியும், வாத்திறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். டிசம்பர் கடைசியில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலையில் ஏறப் போகிறார். அதே ஜாக்கெட்டை ஜிப் தைப்பவரிடமிருந்து அப்போதுதான் வாங்கி வந்திருந்தேன். ஆகவே என் பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

வெதுவெதுப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 650 ஃபில் பவர் வாத்திறகு; இறகு எவ்வளவு உப்பிக் காற்றைப் பிடிக்கும் என்பதன் அளவுதான் ஃபில் பவர். கேதார்காந்தாவின் உச்சி ஏறத்தாழ 12,500 அடி. நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விடியும்வரை அந்த முகட்டுக் காற்றில் நின்றபோதும் மார்பும் முதுகும் நடுங்கவில்லை. துவைத்தாலும் இறகு கட்டி தட்டவில்லை. டவுனுக்கென்றே விற்கும் சோப்பில் அலசி, டிரையரில் டென்னிஸ் பந்துகளோடு மிதமான சூட்டில் சுழலவிட்டால் மறுபடியும் உப்பிக்கொள்கிறது.

ஆனால் அந்த ஜிப்!

டவுன் ஜாக்கெட்டை ஏறும்போது போட்டுக்கொண்டே நடக்க முடியாது. வியர்வையில் நனைந்த இறகு சுருங்கிவிடும். காற்றைப் பிடித்து வைக்காத இறகு வெறும் பாரம். நடக்கும்போது கழற்றிப் பையில் வைப்பதும், நின்றவுடன் உடல் சூடு இறங்குவதற்குள் எடுத்து மாட்டுவதும்தான் முறை. அதாவது, மலையில் அதிகம் உழைக்கும் பாகம் இறகல்ல, ஜிப். அந்த ஜிப்புக்குப் பின்னால் காற்றுத் தடுப்புக்காக மெல்லிய நைலான் மடிப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். விறைப்பான நாடா எதுவும் அதில் இல்லை. பற்களைக் கோக்கும் ரன்னரை இழுத்தால், முறை வைத்தாற்போல் அந்த மடிப்பு அதன் வாயில் சிக்கிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. தடித்த கையுறையோடு அதை விடுவிக்க முடியாது. கையுறையைக் கழற்ற வேண்டும். பனிக்காற்றில் சற்று நேரத்திலேயே விரல் மரத்துப்போகும். மரத்த விரலுக்கு ஜிப் எங்கே தெரியும்? குளிருக்காக வாங்கிய சட்டையே குளிரில் கையை நீட்டச் சொல்கிறது.

சிக்கிச் சிக்கி ரன்னரின் வாய் அகன்று, ஏற்றிய பிறகும் பற்கள் பிளக்கத் தொடங்கின. நிறுவனத்துக்கு எழுதினேன். பயன்பாட்டால் வந்த தேய்மானம், உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள். ஜிப்பைப் பயன்படுத்தாமல் பூசை செய்வதா? பை தைக்கும் கடைக்காரர் புது ரன்னர் மாட்டி, மடிப்பின் ஓரத்தில் ரிப்பன் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. ஒரு முழ ரிப்பனில் தீரும் குறையை இத்தனை விலை வாங்குகிறவர்கள் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் ஆத்திரம்.

நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். வேறு எதைப் பார்த்தாலும் தடித்த கையுறையைக் கடைக்குக் கொண்டு போய், மாட்டிக்கொண்டு, குனிந்து பார்க்காமல் ஜிப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள் என்றேன். பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக், காலணிக்குள் பனி புகாமல் தடுக்கும் கெய்ட்டர் எல்லாம் ஏற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அவற்றுக்குப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் உங்களுடையதை இரவல் கொடுங்களேன், சார்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் பிரம்மதால் என்ற இன்னொரு பனிமலை ஏற்றத்துக்குப் போகிறேன்; இதைவிட நல்ல ஜாக்கெட் என்னிடம் இல்லை.