சில்வர் காஸ்கேட் டோல் க்யூல கிளட்ச் கருகுன கதை

ஆறு வருஷம் கழிச்சு ஊருக்குப் போயிருந்தோம். ஏர்போர்ட், சிம் கார்டு, பேங்க் கேஒய்சி எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதப்பத்தி எழுத ஒண்ணுமில்ல. கொடைக்கானலுக்குக் கிளம்புனது ஒரே ஒரு நாள், அன்னைக்கும் கொடைக்கானல் போய்ச் சேரல, ஆனா டொரண்டோ திரும்பி வந்தும் வாய் ஓயாம சொல்லிட்டு இருக்கிறது அந்த ஒரு நாளத்தான்.

வண்டி மச்சினனோடது. "மாமா, ஆட்டோமேட்டிக்தான், நீங்க அங்க ஓட்டுற மாதிரியேதான்"னு சாவியக் குடுத்தான். அத அப்படியே நம்புனேன். வத்தலக்குண்டுல கொய்யாப்பழம் வாங்கி, டம் டம் பாறையில நிறுத்தி, எலிவால் அருவிய பையனுக்குக் காட்டி (அவன் நயாகராவப் பாத்தவன், "அவ்ளோதானா?"ன்னான்), அது வரைக்கும் சுகமாத்தான் இருந்துச்சு.

ஊத்துங்கிற ஊரத் தாண்டுனதும் ஏதோ சரியில்ல. ஆக்ஸிலேட்டர மிதிச்சா எஞ்சின் கத்துது, ஆர்பிஎம் முள்ளு நாலாயிரத்துக்கு ஏறுது, வண்டி மட்டும் இருபதுலயே உருளுது. ஏசி போட்டிருக்கோம், ஆள் வேற நிறைய, மேடுதானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாத்தம், பழைய செருப்பக் கொளுத்துன மாதிரி. முன்னால போற லாரியோட பிரேக்தான்னு சொல்லி கண்ணாடிய ஏத்திவிட்டேன். ஏத்துன பிறகுதான் நாத்தம் ஜாஸ்தி ஆச்சு. "லாரி இல்லீங்க, நம்ம வண்டிதான்"னு வீட்டுக்காரி சொன்னா. கேட்டாத்தானே.

பெருமாள்மலை தாண்டி சில்வர் காஸ்கேட் அருவிகிட்ட டோல் க்யூ. முன்னெல்லாம் அங்க துட்ட நீட்டிட்டுப் போயிட்டே இருப்போம். 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ், அதையும் காட்டணும். அது நல்லதுக்குத்தான், மலை தாங்கணும்ல. ஆனா லீவு நாள், மேடு, அடிக்கு அடி நகர்ற க்யூ. முக்கா மணி நேரம். டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு ஒண்ணு மின்னுச்சு, பீப் அடிச்சுச்சு, அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் நகரல. பின்னாடி இருந்தவங்க ஹாரன் அடிச்ச அடிய டொரண்டோல பத்து வருஷம் சேத்துவச்சாலும் கேக்க முடியாது. ஆனா அதே ஆளுங்கதான் இறங்கி வந்து ஓரமாத் தள்ளியும் விட்டாங்க, அதையும் சொல்லணும்.

இன்சூரன்ஸ்ல ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்கேன்னு போன் போட்டேன். இந்தி ஒண்ணு, இங்கிலீஷ் ரெண்டு, தமிழ் நாலோ அஞ்சோ. ஒரு பொண்ணு பின்கோடு கேட்டுச்சு. அருவிக்குப் பின்கோடு எனக்கு எப்படிம்மா தெரியும்? லேண்ட்மார்க் கேட்டுச்சு, அருவிதான்னேன், "எந்த ஏரியா அருவி சார்?"னுச்சு. கடைசில மூணு மணி நேரம் ஆகும்னு சொல்லி வச்சிருச்சு.

பக்கத்துல சோளம் சுட்டுட்டு இருந்த அக்கா பாத்துட்டே இருந்தாங்க போல. நான் கேக்கவே இல்ல, அவங்களே யாருக்கோ போன் போட்டு "ஒரு வண்டி பொகையுது, வா"ன்னாங்க. இருபது நிமிஷத்துல பெருமாள்மலையில இருந்து ஒரு அண்ணன் பைக்ல வந்து எறங்குனார். அம்பது வயசு இருக்கும், ஸ்வெட்டர், காதுல மப்ளர்.

நான் விவரமான ஆளுன்னு காட்டிக்க, "டிரான்ஸ்மிஷன் ஸ்லிப் ஆகுதுண்ணே, ஃப்ளூயிட் கம்மியா இருக்கும், செக் பண்ணுங்க"ன்னேன். டொரண்டோல என் பழைய வண்டி இப்படி வழுக்குனப்ப டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா செவப்பா இருக்க வேண்டிய ஃப்ளூயிட் காபி கலர்ல கருகிக் கிடந்துச்சு, அந்தப் பாடம். அண்ணன் பானெட்டக்கூட தொறக்கல. குனிஞ்சு சக்கரத்துப் பக்கம் ஒரு தடவ மோந்து பாத்தார். "மேட்டுல வண்டிய எதுல நிறுத்துனீங்க, பிரேக்லயா ஆக்ஸிலேட்டர்லயா?"

ஆக்ஸிலேட்டர்லதான். பிரேக்ல இருந்து கால எடுத்தா வண்டி பின்னால உருளுது, அதனால லேசா மிதிச்சே புடிச்சு வச்சிருந்தேன்.

"அதான். இது உங்க ஊர் ஆட்டோமேட்டிக் இல்ல சார், ஏஎம்டி. உள்ள இருக்கிறது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட்டு. உங்க காலுக்குப் பதிலா ஒரு மெஷின் கிளட்ச மிதிக்குது, அவ்வளவுதான். நீங்க முக்கா மணி நேரம் அரை கிளட்ச்லயே, பிளேட்டு ஒட்டியும் ஒட்டாம உரச உரச நின்னுருக்கீங்க." டொரண்டோல நான் ஓட்டுற ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலா டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு, அதுல ஆயிலே சக்தியக் கடத்திரும், இப்படிப் பிளேட்டு தேயாது. இங்க மேட்டுல நின்னா பிரேக்க அமுக்கிப் புடிக்கணும், ரொம்ப நேரம்னா நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக். பத்தொம்பது வருஷமா லைசென்ஸ் வச்சிருக்கேன், இத எவனும் எனக்குச் சொன்னதில்ல.

மேனுவல் வண்டின்னா ஹேண்ட் பிரேக்கப் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச விட்டா எஞ்சின் ஆஃப் ஆயிரணும், ஆகலைன்னா பிளேட்டு போச்சுன்னு அர்த்தமாம். இதுல அப்படிப் பாக்க முடியாது, மூக்குதான்னு சிரிச்சார்.

எனக்கு ஆச்சரியமே இனிமேதான். வேலைய அவரே எடுத்துக்குவார்னு நெனச்சேன். "பிளேட்டு நான் மாத்திருவேன், ஆனா மாத்துன பிறகு ஸ்கேனர் மாட்டி கிளட்ச் லேர்னிங் போடணும், அதாவது புது பிளேட்ட வண்டி கம்ப்யூட்டருக்குப் பழக்கணும், அந்த ஸ்கேனர் எங்கிட்ட இல்ல. ஒரு மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக் கீழ எறங்கிருங்க. எம்-ல, அதான் மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவது கியர்லயே வாங்க, நியூட்ரல்ல மட்டும் உருட்டிறாதீங்க." டொரண்டோல ஒரு ஷாப்புல இதே மாதிரி வழுக்கலுக்கு மொத்த டிரான்ஸ்மிஷனையும் மாத்தணும்னு 4,000 டாலர் கொட்டேஷன் நீட்டுனானுங்க, வேற எடத்துல வெறும் ஃப்ளூயிட் மாத்துனதுலயே சரியாச்சு. இவர் எரநூறு ரூபா வாங்கிக்கிட்டார், ஐநூறு குடுத்ததுக்கு மீதி முந்நூற எண்ணி கையில வச்சார். நல்ல மனுசன், ஆனா மப்ளரோட சேத்து ஒரு போட்டோ கேட்டேன், அதுக்கு மட்டும் ஒத்துக்கல.

அந்த ஒரு மணி நேரமும் சோளம் தின்னோம். நாங்க நின்ன எடத்துல இருந்து அருவி பாதிதான் தெரிஞ்சுச்சு, அதையே பாத்துட்டு இருந்தோம்.

மலைக்குக் கீழ ஷெட்டுல கியர்பாக்ஸ எறக்குனா பிளேட்டு கரியா இருந்துச்சு, பிரஷர் பிளேட்டு நீலம் பூத்துப் போயிருந்துச்சு, ரிலீஸ் பேரிங்கும் சேத்தே மாத்துனாங்க. பில்ல நான்தான் கட்டுவேன்னு எவ்வளவோ மல்லுக்கட்டுனேன், "என்ன மாமா, நமக்குள்ள போய்"னு மச்சினன் விடவே இல்ல. ஊர்ல இன்னும் பன்னெண்டு நாள் இருந்தோம். அந்தச் சாவி மட்டும் எங்க இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது.